டீயில் முக்கும் முன்னால் வருஷத்தைக் கேளுங்கள்

கைவேலை: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் கிழிந்த நோட்டுகளுக்கு அட்டை கட்டுவது பற்றி எழுதும்போது, புதுத் தாளைப் பழசு மாதிரி காட்ட டீத்தண்ணி போதும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆண்டு விழா, நாடகப் போட்டி, கண்காட்சி என்று பள்ளிக்கூடங்கள் பரபரப்பாக இருக்கிற நேரம், காரணம் புரிகிறது. ராயபுரத்தில் எங்கள் பட்டறையில் கணக்குப் பேரேடும் கல்லூரி ரெக்கார்டும் பைண்டு செய்வது போக, மேடைக்கு வேண்டிய பழைய புத்தகம், ஓலை, கடிதம் எல்லாம் செய்து தருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த இதழ் முழுக்க டீத்தாள்தான்.

கேள்வி: 1914-ல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்ட இரவை ஆண்டு விழாவில் நாடகமாகப் போடுகிறோம். அதில் ஒரு கடிதம், ஒரு தந்தி, ஒரு செய்தித்தாள் வருகின்றன. பிள்ளைகள் நோட்டுத் தாளைக் கிழித்து டீயில் ஊறவைத்தார்கள். பாதி கிழிந்துவிட்டது, எழுத்து கரைந்துவிட்டது, காய்ந்த தாளில் எறும்பு மொய்க்கிறது. சரியாகச் செய்வது எப்படி?
பள்ளி ஆசிரியை, தண்டையார்பேட்டை

டீச்சர், எறும்பு வந்திருக்கிறது என்றால் பிள்ளைகள் குடிக்கிற டீயில் முக்கியிருக்கிறார்கள். சர்க்கரையும் கூடாது, பாலும் கூடாது. டீயில் கறை ஏற்றுவது அதிலிருக்கிற டானின். பாலின் புரதம் அந்த டானினைத் தானே பிடித்துக்கொள்ளும், தாளுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். இரண்டு நாளில் வாடையும் வரும். வெறும் டிக்காஷன் போதும்.

ஆனால் டீக்கு முன்னால் வேறொன்று பேச வேண்டும். இந்தக் கடிதம் எந்த வருஷத்தது? நாடகத்தில் அதை எந்த வருஷத்தில் கையில் எடுக்கிறார்கள்? நடுவில் அது எங்கே கிடந்தது? என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி. துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே கலங்கிப்போய், பட்டணத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். மறுநாள் ஒருவர் எழுதிய கடிதத்தை அடுத்த காட்சியில் இன்னொருவர் பிரித்துப் படிக்கிறார் என்றால், அந்தத் தாள் அப்போது புத்தம் புதுசு. அதைக் கறுக்கக் கறுக்க டீயில் போட்டு, மூலையைக் கருக்கிப் பொத்தல் போட்டுக் கொடுத்தால், நூறு வருஷம் கிடந்த கடிதத்தை அன்றைய தபால்காரர் கொண்டுவந்து தந்ததாக ஆகிவிடும்.

அதே நாடகத்தில் இன்றைய பேரன் ஒருவன் பரண்மேல் இருக்கிற டிரங்குப் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுக்கிறான் என்று காட்சி இருந்தால், அங்கே பழுப்பு வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே கடிதம் வருமானால் இரண்டு பிரதி செய்யுங்கள், ஒன்று லேசான சந்தன நிறம், ஒன்று நல்ல பழுப்பு. நடுவில் எத்தனை காலம் ஓடிவிட்டது என்பது வசனமே இல்லாமல் பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சின்ன வேலை.

தாளுக்கு வருவோம். பள்ளி நோட்டுத் தாள் மெலிசு, நனைந்தால் தாங்காது. எந்தச் சாதாரணத் தாளும் முழுக்க நனைந்துவிட்டால் காய்ந்தபோது இருந்த பலத்தில் பத்தில் ஒரு பங்கு நின்றாலே பெரிது. நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பிணைப்பைத் தண்ணீர் தளர்த்திவிடுகிறது. அதனால் கொஞ்சம் கனமாக, 90 அல்லது 100 ஜிஎஸ்எம் தாளாக வாங்குங்கள். ஜெராக்ஸ் தாளில் வெள்ளையைப் பளிச்சென்று காட்ட ஒளிரும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், டீ போட்ட பிறகும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு நீலம் எட்டிப் பார்க்கும். நாவல் அச்சடிக்கிற நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ என்று கேளுங்கள். அது ஏற்கெனவே இளமஞ்சள், அரைப்பங்கு வேலையை அதுவே செய்துவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முழு ரிம் எடுக்க வேண்டாம், வெட்டின தாளாகச் சில்லறைக்குக் கொடுக்கிற கடைகளும் உண்டு.

டிக்காஷன். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு நாலு ஸ்பூன் டஸ்ட் டீ. இலை டீயைவிட டஸ்ட் சீக்கிரம் நிறம் இறங்கும், விலையும் குறைவு. ஐந்தாறு நிமிஷம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். தூள் ஒட்டினால் அந்த இடத்தில் மட்டும் கரும்புள்ளி விழும். கடையில் வடித்துப்போட்ட தூளை வாங்கிவந்து மறுபடி கொதிக்கவைத்தாலும் வெளிர் நிறத்துக்குப் போதும். நம்ம ஊர் டீக்கடையில் டிக்காஷன் தனி, பால் தனி என்பதால் அந்தத் துணிப்பைத் தூளில் பால் இருக்காது. எங்கள் தெருமுனை மாஸ்டர் எனக்காக ஒரு டப்பாவில் எடுத்துவைப்பார். எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கிற கடையின் தூள் மட்டும் வேண்டாம்.

பாத்திரம் முக்கியம். எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் தட்டு. துருப்பிடித்த இரும்புத் தட்டோ தகரமோ ஆகவே ஆகாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இந்தக் குணத்தை வைத்துத்தான். அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள உப்பு. தாளின் மேல் துருப்பிடித்த ஆணியை வேண்டுமென்றே சாய்த்து வைத்து எடுத்தால் பின் குத்தியிருந்த பழைய ஆபீஸ் காகிதத்தின் தடம் கிடைக்கும். தந்திக்கு அது பொருத்தம்.

டிக்காஷன் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு தட்டில் ஊற்றி, தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்லச் சரித்து இறக்குங்கள். காற்றுக் குமிழி மாட்டினால் அங்கே வெள்ளைத் திட்டு நிற்கும். வெளிர் நிறத்துக்கு ஒரு நிமிஷம், பழுப்புக்கு ஐந்து நிமிஷம். அதற்கு மேலும் கறுக்க வேண்டும் என்றால் ஊறவிடாதீர்கள், காயவைத்து இரண்டாம் முறை முக்குங்கள். எடுக்கும்போதுதான் பிள்ளைகள் கிழிப்பார்கள். தாளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை முதலிலேயே போட்டுவைத்து, ஷீட்டோடு தூக்கிவிடுங்கள். தாளைக் கையால் தொடவே வேண்டியதில்லை.

காயவைப்பது பழைய வேட்டியின் மேல். செய்தித்தாளின் மேல் போட்டால் அச்சு மை ஒட்டும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் சாயம் எல்லாம் கீழ் ஓரத்துக்கு இறங்கிக் கரைகட்டும். அலை அலையாகக் கறை வேண்டும் என்றால் தாளின் மேல் அங்கங்கே டிக்காஷன் தேங்கி நிற்க விட்டுவிடுங்கள், தேங்கின இடத்தின் விளிம்பு கறுத்துக் கோடு விழும். தண்ணீர் ஆவியாகும்போது சாயத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறது, அதனால் வருகிற கோடு அது. மழை ஒழுகின வீட்டில் இருந்த கடிதத்துக்கு இது அழகு. மேசை அறையில் பத்திரமாக இருந்த கடிதத்துக்கு இது பொய்.

முக்கால் பதம் காய்ந்ததும் வேட்டிக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். அவசரம் என்றால் மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி. ஜெராக்ஸ் எடுத்த தாளை இஸ்திரி போடும்போது கவனம், அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பொடி, சூட்டில் இளகித் துணியில் ஒட்டும்.

அடுத்தது எழுத்து. டீக்கு முன்பா, பின்பா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீரில் கரையாத மை என்றால் முன்பு. ஜெராக்ஸ், லேசர் பிரிண்ட், கட்டைப் பேனாவில் தொட்டு எழுதுகிற இந்தியன் இங்க், மூன்றும் நிற்கும். ஊற்றுப்பேனா மை கரைந்து ஓடும், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மையும் பெரும்பாலும் அப்படித்தான். பால்பாயின்ட் கரையாது, ஆனால் 1914-ல் அந்தப் பேனா ஏது? நிப்பு வைத்த கட்டைப் பேனாவில் எழுதினால்தான் கோடு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும். டீக்குப் பிறகு எழுதியே ஆக வேண்டும் என்றால், காய்ந்த தாளில் மெல்லிய வடிகஞ்சியைத் துணியில் வடிகட்டிப் பிரஷ்ஷால் ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள், மை கசியாது. கஞ்சி பூசிய தாளுக்குப் பூச்சி வரும், அதனால் மேடைச் சாமானுக்கு மட்டும்.

டீ எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும், டீச்சர். இப்போது நாம் எழுதுகிற ணை, லை, ளை, னை, றா, ணா, னா எல்லாம் 1978-ல் அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பொதுவானவை. அதற்கு முன்னால் லை-க்குத் துதிக்கை மாதிரி கொம்பு மேலே வளையும், றா-வுக்குக் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுருண்டு சேரும். கம்ப்யூட்டரில் அடித்து எடுத்தால் இன்றைய எழுத்துதான் வரும். பள்ளியில் பழைய தமிழாசிரியர் யாராவது இருந்தால் அவரையே கையால் எழுதச் சொல்லுங்கள். முகவரியில் பின்கோடு போடாதீர்கள், அது 1972-ல் வந்தது. பணம் பற்றிப் பேச்சு வந்தால் ரூபாய், அணா, பை. நயா பைசா 1957-ல் வந்தது. தந்தி என்றால் படிவத்தில் தந்தி ஆபீஸ் குமாஸ்தா கையால் எழுதியது, வார்த்தைக்குக் காசு என்பதால் நாலைந்து வார்த்தைக்குள் முடிகிறது. 2013 ஜூலையில் தந்தி நின்றே போனது, உங்கள் பிள்ளைகள் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பற்றி ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் ஆசையாக எழுதுவார்கள்.

செய்தித்தாளுக்கு டீயே வேண்டாம். அச்சிடாத நியூஸ் பிரிண்ட் வாங்கி, வேண்டியதை ஜெராக்ஸ் எடுத்து, மொட்டை மாடி வெயிலில் கல் வைத்துக் காயப்போடுங்கள். சில நாளில் தானாகவே பழுக்கும். மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற தாளில் லிக்னின் நிறைய இருக்கிறது, வெயிலும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். உண்மையில் பழைய பத்திரிகைகள் பழுப்பதும் இப்படித்தான், வெயில் அதை வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான். நியூஸ் பிரிண்டை டீயில் முக்கினால் கூழாகிவிடும். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். ஹிந்து பத்திரிகையே 1958 வரை முதல் பக்கத்தில் விளம்பரம்தான் போட்டது. உள்பக்கத்தைப் பிரித்து வைத்துப் படிக்கிற மாதிரி நடிக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் பிள்ளைகளை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிற எம்டன் கல்வெட்டைப் பார்க்கக் கூட்டிப்போங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு ஒரே பஸ்.

கேள்வி: டீயைவிடக் காப்பி நல்லதா?
கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை

காப்பி இன்னும் கறுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு. டீ சிவப்பு கலந்த பொன்னிறம். எங்கள் பட்டறையில் முழுத் தாளுக்கு டீ, ஓரங்களிலும் மடிப்பிலும் தொட்டுவைக்கக் காப்பி. டீயிலேயே கறுக்க வேண்டும் என்றால் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுங்கள், உடனே நிறம் ஏறும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் வெளுத்துவிடும், எலுமிச்சை டீ குடித்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள்தூள் போடாதீர்கள், வெளிச்சத்தில் போய்விடும், சோப்போ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும்.

கேள்வி: பழைய கடிதம் என்றால் ஓரங்களை மெழுகுவர்த்தியில் கருக்க வேண்டும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். வகுப்பில் எல்லோரும் செய்யலாமா?
பத்தாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

வேண்டாம் கண்ணு. வகுப்பில் நாற்பது மெழுகுவர்த்தி, நாற்பது தாள், மேலே ஃபேன். நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அதைவிட முக்கியம், பழைய தாளின் ஓரம் எரிந்து போவதில்லை. காற்றும் வெளிச்சமும் கைவியர்வையும் முதலில் படுவது ஓரத்தில் என்பதால் அங்கே முதலில் பழுக்கிறது, உள்ளே போகப் போக வெளிர்ந்திருக்கும். இதைச் செய்ய நெருப்பு தேவையில்லை. ஓரத்தில் பிரஷ்ஷால் தண்ணீர்க் கோடு இழுத்து, அந்தக் கோட்டிலேயே மெல்லக் கிழி, பஞ்சு மாதிரி நார் தெரியும். அப்புறம் திக்கான டிக்காஷனைப் பஞ்சில் தொட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கித் தட்டிக்கொண்டே வா. மடிப்பை முதலில் மடித்துப் பிரித்துவிட்டு அப்புறம் முக்கினால், மடிப்புக் கோட்டில் நார் உடைந்திருப்பதால் அங்கே சாயம் கூடுதலாக இறங்கும். ஒரு கடிதத்தை எத்தனை முறை எடுத்துப் படித்தார்கள் என்பதை அந்த மடிப்பு சொல்லும். கையில் பிடிக்கிற கீழ் மூலைகளில் ஒரு துளி நல்லெண்ணெயை விரலால் தேய். கட்டை விரல் பட்டுப் பட்டு வந்த தடம் அப்படியே இருக்கும்.

கேள்வி: ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு அனுப்பும் ஓலை நாடகத்தில் வருகிறது. டீ போட்ட தாளைச் சுருட்டி ரிப்பன் கட்டி வைத்திருக்கிறோம். போதுமா?
நாடகக் குழு, பெரம்பூர்

போதாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரிப்பன் கட்டிய சுருள் வேறு நாட்டு ராஜாக்களுடையது. நம்ம ராஜா எழுதியது பனையோலையில், நிரந்தரமாக இருக்க வேண்டியது செப்பேட்டில். ராஜேந்திரன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்த திருவாலங்காடு இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை, அரக்கோணம் ரயிலில் ஏறினால் வழியில்.

ஓலை செய்வது டீத்தாளைவிடச் சுலபம். முற்றின பனையோலை கிடைத்தால், ஈர்க்கை நீக்கி மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் காயவைத்து, கனத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்துங்கள். குருத்தோலை ஞாயிறுக்கு ராயபுரத்தில் கோயில் பக்கம் ஓலை நிறைய வரும், ஆனால் அது இளங்குருத்து, காய்ந்தால் சுருளும். அகலம் மூன்று நாலு சென்டிமீட்டர், நீளம் ஒரு முழத்துக்குள். கூரான ஊசியைப் பென்சில் மாதிரி பிடித்துக் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் எழுத்துக் கறுப்பாக நிற்கும். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் பொத்தலாகும். அதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுவிடுங்கள்.

ஓலை கிடைக்கவில்லை என்றால் கெட்டியான சார்ட் தாளை அதே அளவுக்குப் பட்டை பட்டையாக வெட்டி டீயில் முக்குங்கள். ஓலை நரம்பு மாதிரி நீளவாக்கில் ஊசியால் மெல்லிய கோடுகள் கீறிவிட்டு முக்கினால், கோட்டில் சாயம் இறங்கி மேடையில் ஓலையாகவே தெரியும். பொத்தலில் நூல் கோத்துக் கட்டுங்கள்.

கேள்வி: ஐப்பசியில் செய்துவைத்த டீத்தாள்கள் எல்லாவற்றிலும் சாம்பல் புள்ளி. ஏன்?
கைவினைப் பயிற்சியாளர், எண்ணூர்

பூஞ்சை. கடலோரக் காற்று, மழைக்காலம், போதாததற்கு ஈரம் போகாமல் அடுக்கியிருப்பீர்கள். டிக்காஷனை அன்றன்றைக்குப் போடுங்கள், நேற்றையது வேண்டாம். ஃபேனுக்கு அடியில் ஒவ்வொரு தாளாகப் பரப்பி, தொட்டால் குளிர்ச்சி தெரியாத வரை காயவிடுங்கள். நிறம் நிற்க உப்புப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எண்ணூர்க் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். புள்ளி விழுந்தவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மற்றவற்றோடு வைக்காதீர்கள். பைண்டிங் பசையில் நாங்கள் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்போம். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற தாளுக்குச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: தாத்தா ரங்கூனிலிருந்து 1930-களில் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. சில பழுத்தும் சில வெளுத்தும் இருக்கின்றன. எல்லாவற்றையும் லேசாக டீயில் நனைத்தால் ஒரே நிறமாகிவிடும், அப்புறம் லேமினேட் செய்து ஆல்பம் போடலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும்?
வாசகி, வியாசர்பாடி

அம்மா, ஒரு விநாடிகூட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன், இதழில் பின்னால் தள்ளி வந்திருக்கிறது. டீ நகலுக்கு. மூலத்துக்கு இல்லவே இல்லை.

அந்தக் காலத்து நீலக்கறுப்பு மையில் இரும்பு இருக்கும். ஈரம் பட்டால் மையிலிருக்கிற இரும்பு எழுத்தைவிட்டு வெளியே பரவும், டீயின் டானினோடு சேர்ந்து எழுத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் கட்டும், தாளையும் அரிக்கும். டீயே அமிலம். தொண்ணூறு வருஷம் தாங்கின தாளை ஒரே நாளில் பாழாக்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், அதன் பசை பழுத்து எழுத்தோடு ஊறிவிடும்.

ஒன்று பழுத்து ஒன்று வெளுத்திருப்பதை ஏன் சமமாக்க வேண்டும்? பழுத்தது ஒருவேளை மலிவான மரக்கூழ்த் தாள், வெளுத்தது நல்ல துணிக்கூழ்த் தாளாக இருக்கலாம். கையில் காசு இருந்த மாதம் எது, இல்லாத மாதம் எது என்பதுகூட அதில் இருக்கலாம். 1942-ல் பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வந்தபோது அங்கிருந்து நடந்தே வந்தவர்களும், 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களும் உங்கள் பேட்டையில் எத்தனை குடும்பம்! அவர்களில் பலரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. உங்களிடம் கட்டாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கடிதங்களை மடிப்புப் பிரித்துப் படுக்கையாக வையுங்கள். தானாகப் பிரியாததை இழுக்காதீர்கள். துருப்பிடித்த பின் இருந்தால் மெல்லக் கழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே வெள்ளை ஜெராக்ஸ் தாள் ஒன்று. இப்போதைய ஜெராக்ஸ் தாளில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்திருக்கிறது, பழைய தாளின் அமிலத்தை அது முறிக்கும். அட்டைப் பெட்டியில் போட்டு உள்சுவர் பக்கத்து அலமாரியில் வையுங்கள், மழை பட்டு ஈரம் இறங்குகிற வெளிச்சுவர் வேண்டாம், பரணும் வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுங்கள், கடிதத்தின் மேல் படாமல். ராமபாணப் பூச்சி அண்டாமலிருக்க நம்ம பெரியவர்கள் சுவடிக்கு வைத்தது அது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சையும் காகிதத்தையும் பாதுகாப்பதுதான் அவர்கள் வேலை, கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆல்பம் ஆசையை விட வேண்டியதில்லை. ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாமல், ஃபிளாஷ் போடாமல் கடிதங்களைப் படம் எடுங்கள். நேச்சுரல் ஷேட் தாளில் லேசர் பிரிண்ட் போட்டு, மேலே டீச்சருக்குச் சொன்ன மாதிரி ஒரு நிமிஷம் டிக்காஷனில் முக்குங்கள். தாத்தா மடித்த இடத்திலேயே மடியுங்கள். பேரப்பிள்ளைகள் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும், கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஆல்பத்தை மட்டும் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், காலிகோ துணி போட்டுக் கட்டித் தருகிறேன்.

கேள்வி: வீட்டு மனையின் பழைய பத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது. ஜெராக்ஸ் இருக்கிறது. அதை வைத்துப் பழசு மாதிரியே ஒன்று செய்து கொடுக்க முடியுமா?
வாசகர், திருவொற்றியூர்

முடியாது. உங்கள் எண்ணம் நல்லதாகவே இருந்தாலும், அது பொய் ஆவணம், சட்டப்படி குற்றம். செய்தவருக்கும் சேர்த்துத்தான். ஏமாற்றவும் முடியாது. கள்ள ரூபாய் நோட்டைக் கண்டுபிடிக்கிற நீல விளக்கில் பிடித்தால் இன்றைய தாள் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

பதிவு செய்த பத்திரம் என்றால் கவலையே வேண்டாம். பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் பிரதி இருக்கும். ஜெராக்ஸில் இருக்கிற ஆவண எண்ணும் வருஷமும் கொடுத்து, சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பியுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். அரித்தது போக மிஞ்சின மூலத் துண்டுகளை எறியாமல் ஒரு கவரில் போட்டு நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையைப் பழைய காலத்துத் தாள் மாதிரி 500 அடிக்க வேண்டும். டீயில் முக்கலாமா?
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வாழ்த்துகள். முக்காதீர்கள், 500 தாளும் 500 நிறத்தில் வரும், மேலே வைக்கிற மஞ்சள் குங்குமமும் டீக்கறையில் எடுக்காது. ஆண்டர்சன் தெருவில் கைத்தாள் அட்டையே இளமஞ்சளில் கிடைக்கும். பழுப்பு ஓரம் வேண்டும் என்றால் ஒரே ஒரு தாளை டீயில் செய்து எடுத்துப்போய் அச்சகத்தில் கொடுங்கள், அதை ஸ்கேன் செய்து எல்லாவற்றிலும் அடித்துத் தருவார்கள். மொத்தமாக ஓட்டும் முன் ஒரு மாதிரி வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். கடை விளக்கில் பழுப்பு எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும்.